மதுரையைக் காண மலைக்குச் செல்வோம்

தொண்டை நாட்டினின்றும் நடுநாட்டினின்றும் பாண்டி நாட்டிற்கு யாத்திரை செல்லும் நம் சமூகத்தார், மதுரையில் ஒரு பகற்பொழுது தங்குவது வழக்கம். மீனாட்சியம்மன் கோயிலின் கோபுரங்களையும் திருமலை நாயக்கர் மகாலையும் கண்டு, நேரம் எஞ்சுமாயின் கீழக்குயில்குடி சமணர் மலைக்குச் சென்று, செட்டிப்பொடவில் வீற்றிருக்கும் மகாவீர பகவானை வணங்கி, அரைமணிப் பொழுதில் பேருந்தேறிவிடுகிறோம். உடன் வரும் வழிகாட்டி, இது ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய நகர் என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பார். யாவரும் தலையசைப்போம். அந்த ஈராயிரம் ஆண்டு எங்கே இருக்கிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. அவ்வினாவைக் கேட்டு, விடையை நடந்தே காண்பது எவ்வாறு என்பதை விளக்கவே இப்பாடம் எழுதப்படுகிறது. பாடசாலை நடத்துவோர்க்கும், பள்ளி ஆசிரியர்க்கும், யாத்திரைக் குழுக்களை அழைத்துச் செல்லும் இளைஞர்க்கும் இது பயன்படக்கூடும்.

முதலில் நகரையே நோக்குவோம். ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி எனக் கோயிலைச் சூழ்ந்து ஒன்றனுள் ஒன்றாக அமைந்த வீதிகளை அறியாதார் இலர். அவற்றிற்கும் அப்பால் நாயக்கர் காலக் கோட்டைமதிலும் அகழியும் இருந்தன. 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் அம்மதிலை இடித்து அகழியைத் தூர்க்கச் செய்தார். அவ்விடத்தில் எழுந்தவையே வெளி வீதிகளும், அப்பணியில் ஈடுபட்டோர் பெயரைத் தாங்கிய மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் ஆகும். நாள்தோறும் அவ்வழியே செல்வோரிலும், தாம் அகழியின் மேல் நடக்கிறோம் என்று அறிந்தவர் சிலரே. கோயிலுக்குக் கிழக்கே விட்டவாசல் என்னும் பழைய கோட்டை வாயிலின் எச்சம் ஒன்று நிற்கிறது. இவையெல்லாம் காணத்தக்கவையே. எனினும் இவற்றுள் ஒன்றேனும் சங்க காலத்தைச் சேர்ந்ததன்று. கண்ணகி நடந்த வீதி, கூலமும் அறுவையும் விற்ற அங்காடி, இவற்றின் ஒரு கல்லைக்கூட இன்றைய வீதிகளில் நம்மால் சுட்டிக்காட்ட இயலாது. நகர் தன் மேலேயே மீண்டும் மீண்டும் கட்டப்பட்டு வந்துள்ளது. 2015 முதல் அகழாய்வு நடைபெற்ற கீழடியும் நகருக்கு வெளியே, தென்கிழக்கே, சிவகங்கை மாவட்டத்தில்தான் உள்ளது.

அங்ஙனமாயின் அப்பழைய மதுரையின் மக்கள் எங்கே? அவர்தம் பெயர்கள் நகரைச் சூழ்ந்த குன்றுகளில், முனிவர்க்கு அவர்கள் வெட்டுவித்துக் கொடுத்த கற்படுக்கைகளின் அருகே, அவர்தம் காலத்து எழுத்திலேயே இன்றும் உள்ளன. மதுரையைக் காண மலைக்குச் செல்வோம் என்று தலைப்பிட்டதன் காரணம் இதுவே.

ஒரு நடைக்கு ஒரு வினா

யாத்திரை வேறு, சுற்றுலா வேறு, ஈண்டு நாம் கூறும் பொருள்வழி நடை வேறு. யாத்திரையில் வணங்குகிறோம், சுற்றுலாவில் எல்லாவற்றையும் கண்டு எதையும் நினைவிற்கொள்ளாது திரும்புகிறோம். பொருள்வழி நடையிலோ ஒரே ஒரு வினாவைக் கையிற்கொண்டு, அதற்கு விடை தரும் இடங்களுக்கு மட்டும் வரிசைப்படிச் செல்கிறோம். ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் நாம் பணியாற்றிய காலத்தில், பயிற்சி மாணவியர் எழுதிவரும் பாடக் குறிப்புகளில் நோக்கம் என்னும் தலைப்பின் கீழ் ஏழெட்டு நோக்கங்கள் இருக்கும். ஒன்றை மட்டும் விடுத்து ஏனையவற்றை அடித்துத் திருப்பித் தருவோம். நாற்பது நிமிடப் பாடத்திற்கு அது பொருந்துமாயின், வெயிலில் மலையேறும் நடைக்கு இன்னும் நன்கு பொருந்தும். ஆசிரியர் அறிந்த அனைத்தையும் ஒரே நாளில் கூறிவிட முயல்வதே இத்தகைய நடைகளைக் கெடுப்பது.

மதுரையில் இம்முயற்சி புதியதன்று. எழுத்தாளர் அ. முத்துக்கிருஷ்ணன் முன்னின்று 2010இல் தொடங்கிய பசுமை நடை இயக்கம், நகரத்து மக்களைக் குடும்பம் குடும்பமாக இக்குன்றுகளுக்கு அழைத்துச் சென்றுள்ளது. தொல்லியல் அறிஞர் சொ. சாந்தலிங்கம் போன்றோர் பாறையின் அருகே நின்று கல்வெட்டுகளை விளக்கியுள்ளனர். அங்கே கூடியவர்களுள் பெரும்பாலோர் நம் சமயத்தினர் அல்லர். நம் முன்னோரின் பள்ளிகளைப் பிறர் இவ்வளவு ஆர்வத்தோடு காணும்போது, நாம் அரைமணிப் பொழுதில் பேருந்தேறுவது பொருத்தமாகுமா என்பதை வாசகப் பெருமக்களே எண்ணிப் பார்க்க.

நம் நடைக்குரிய வினா: இக்கற்படுக்கைகளைக் கொடுத்தவர் யாவர்? சிறுவர்க்கும் விளங்கும் எளிய வினா இது. இதன் விடையோ ஒரு நகரம்.

அங்காடியில் தொடங்குக

அறிந்ததிலிருந்து அறியாததற்குச் செல்க என்பது கற்பித்தலின் பழைய விதி. ஆகவே நடை மலையில் தொடங்கலாகாது. நகரில் தொடங்குதல் வேண்டும். காலையில் கடைகள் திறக்கும் நேரத்தில் தெற்கு ஆவணி மூல வீதியின் நகைக்கடைகளையும், கீழமாசி வீதியின் பலசரக்கு மொத்தக் கடைகளையும், விளக்குத்தூண் அருகே உள்ள துணிக்கடைகளையும் சிறுவர்கள் பார்த்துவரட்டும். எவ்வெப்பொருள் விற்கப்படுகிறது, கடையின் பெயர்ப்பலகையில் உரிமையாளர் பெயர் எவ்வாறு எழுதப்பட்டுள்ளது, ஊர்ப்பெயர் சேர்ந்துள்ளதா, தொழிற்பெயர் சேர்ந்துள்ளதா என்பவற்றைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளச் செய்க. விளக்கம் எதுவும் கூற வேண்டா. அன்று அது போதும்.

மறுநாள் விடியலில் அழகர்மலை. கோயில் பக்கமாக அன்று, கிடாரிப்பட்டி வழியாக. ஏற்றம் சற்றுக் கடினம். மேலே அகன்ற குகைத்தளம். பாறையின் நெற்றியில் மழைநீர் உள்ளே வழியாதவாறு நெடுக வெட்டப்பட்ட காடி. அதன் கீழே தலைப்பக்கம் சற்று உயர்த்தி வழுவழுப்பாக்கிய படுக்கைகள். கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தவை எனக் கருதப்படும் தமிழ் பிராமிக் கல்வெட்டுகள் இங்கே பத்துக்கும் மேல் உள்ளன. இவற்றைப் படித்துப் பதிப்பித்த ஐராவதம் மகாதேவன் அவர்களின் பெருநூல் 2003இல் வெளிவந்தது. அவர் 2018இல் மறைந்தார். அவர் தரும் பாடத்தின்படி, இங்கே கொடை அளித்தோர் யாவர்? உப்பு வணிகன் வியகன். பாணித வணிகன் நெடுமூலன். பாணிதம் என்பது கரும்புப்பாகு. கொழு வணிகன் ஒருவன். கொழு என்பது கலப்பையின் இரும்பு. அறுவை வணிகன் ஒருவன். அறுவை என்பது துணி. அவர்களோடு பொற்கொல்லன் ஒருவன். அவன் பெயரோடு ஊர்ப்பெயரும் உள்ளது. அவ்வூர் மதிரை.

இவ்விடத்தில் ஆசிரியர் வாய் திறவாதிருத்தல் நன்று. சிறுவர்கள் தாமே முதல்நாட் குறிப்பேட்டைப் புரட்டுவர். நகைக்கடை, பலசரக்கு, துணி என்று அவர்கள் எழுதியவை மலைமேல் மீண்டும் எதிர்ப்படும். சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில் கோவலன் காணும் மதுரைக் கடைவீதிகளுள் அறுவை வீதியும் ஒன்று. மேல்வகுப்பு மாணவராயின் அதனையும் நினைவூட்டலாம். நூலில் உள்ள சொல்லும் கல்லில் உள்ள சொல்லும் ஒன்றே. வீதி போயிற்று, அவ்வீதியில் கடை வைத்திருக்கத்தக்க ஒருவன் ஈந்த படுக்கை இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன், முழங்கால்கள் இடந்தந்த காலத்தில், பாடசாலைச் சிறுவர் சிறுமியரோடு நாம் இங்கு ஏறியபோது ஒரு சிறுமி கேட்டாள்: "வலக்கை கொடுப்பதை இடக்கை அறியக்கூடாது என்பார்களே, உப்பு வணிகர் ஏன் தம் பெயரைச் செதுக்கினார்?" உடனிருந்த பெரியவர் ஒருவர், நம் ஆலயங்களில் குழல்விளக்கின் மேல் உபயம் எழுதி ஒளியை மறைப்பதற்கு இவரே முன்னோடி என்று நகைத்தார். வினா நகைப்பிற்குரியதன்று. பெயர் செதுக்கியிராவிடில் அந்நகரத்தின் மக்களை நாம் அறிய வழியே இல்லை. பாண்டியர் பெயரைப் புலவர் காத்தனர். உப்பு விற்றவன் பெயரைக் காப்பதற்குப் புலவர் எவரும் இலர். தம் பெயரைத் தாமே காத்துக்கொண்ட எளிய மக்கள் இவர்கள். அச்சிறுமி அந்த விடையில் நிறைவுற்றாள் என்று கூற மாட்டோம். ஆயினும் அன்று மாலைவரை ஒவ்வொரு பெயரையும் எழுத்தெண்ணிப் பார்த்து வந்தவள் அவளே.

அழகர்மலையில் மற்றொரு பெயரும் உண்டு. சபமிதா. மகாதேவன் இதனைத் துறவு பூண்ட பெண்ணொருத்தியின் பெயராகப் படிக்கிறார். நம் ஆரியாங்கனையரின் வரலாற்றை எழுதப் புகுவோர் தொடங்க வேண்டிய இடங்களுள் இதுவும் ஒன்று. மங்கையர் சங்கத்தார் தனியே ஒரு நடை மேற்கொள்வாராயின் இப்பெயரையே வினாவாகக் கொள்ளலாம்.

முனிவர் ஏன் ஊருக்கு வெளியே?

இவ்வினாவை எவரேனும் கட்டாயம் கேட்பர். புகாரிலிருந்து கோவலனையும் கண்ணகியையும் நடத்தியே அழைத்து வந்த கவுந்தியடிகளை நினைவூட்டுக. மதுரையை அடைந்தபின் கோவலன் நகருக்குள் சென்றான். அடிகளோ அறவோர் உறையும் புறஞ்சேரியிலேயே தங்கினார். கண்ணகியை ஆயர் முதுமகள் மாதரியிடம் அடைக்கலமாக ஒப்படைத்தார். துறவியர் நகரின் ஆரவாரத்துக்கு அப்பால், ஆனால் நகரத்தார் வந்து அறங்கேட்டுத் திரும்பத்தக்க தொலைவில் வாழ்ந்தனர். குன்றுகளுக்கும் மதுரைக்கும் இடையே உள்ள தொலைவும் அத்தகையதே. அங்காடிக்காரர் விடியலில் புறப்பட்டால் அன்றே சென்றடையலாம். நடையின் மூலம் மட்டுமே உணரத்தக்க செய்தி இது. பேருந்தில் சென்றவர்க்கு இது புலப்படுவதில்லை.

மாங்குளம், மீனாட்சிபுரம் மலைக்கு அடுத்துச் செல்லலாம். 1882இல் இராபர்ட் சுவெல் இங்குள்ள எழுத்துகளைக் கண்டு வெளிப்படுத்தினார். அவை தமிழே என்று கே. வி. சுப்பிரமணிய ஐயர் 1924இல் எடுத்துக்காட்டும்வரை, அவற்றின் மொழி எது என்பதே தெளிவுபடாதிருந்தது. நாற்பதாண்டுகளுக்கு மேலாக அறிஞர் கண்ணெதிரே இருந்தும் தமிழ், தமிழென அறியப்படவில்லை! கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இக்கல்வெட்டுகளில் நெடுஞ்செழியன் என்னும் அரசன் பெயர் உள்ளது. அவன் பணியாளன் கடலன் வழுதி, கணி எனப்பெறும் மூத்த முனிவர்க்குப் பள்ளி அமைத்துக் கொடுத்தான். வழிகாட்டிகள் பெரும்பாலும் அரசன் பெயரோடு நிறுத்திக்கொள்வர். நம் வினா கொடுத்தவர் யாவர் என்பதாகலின் நாம் அடுத்த கல்வெட்டையும் காண்போம். அதில் வெள்ளறை நிகமத்தோர் என்று வருகிறது. நிகமம் என்பது வணிகர் குழு. அண்மையில் உள்ள வெள்ளரிப்பட்டியே அவ்வெள்ளறை என்பர். ஒரு குழுவாகக் கூடி, பொருள் திரட்டி, அறம் செய்து, குழுவின் பெயரால் பொறித்திருக்கின்றனர்.

கீழவளவு, முத்துப்பட்டி, திருப்பரங்குன்றம் ஆகிய மூன்றையும் ஒரே நாளில் ஏற முயல வேண்டா. வரைபடத்தில் காட்டினால் போதும். கீழவளவில் தொண்டியைச் சேர்ந்த உபாசகன் ஒருவன் பெயர் உள்ளது. எழுத்துகள் சில தலைகீழாகவும் இடவலம் மாறியும் பொறிக்கப்பட்டுள்ளன. சிறுவர்க்குக் கண்ணாடி ஒன்றைக் கொடுத்துப் படிக்கச் சொன்னால் பெரிதும் மகிழ்வர். முத்துப்பட்டியில் முசிறி என்னும் ஊர்ப்பெயர் வருகிறது. திருப்பரங்குன்றத்தில் ஈழக் குடும்பிகன் ஒருவன் குறிக்கப்படுகிறான். கிழக்குக் கடற்கரைத் தொண்டி, மேற்குக் கடற்கரை முசிறி, கடல் கடந்த ஈழம்: மூன்று புள்ளிகளையும் மதுரையோடு கோடிட்டு இணைக்கச் சொல்லுக. வேறு விளக்கம் தேவைப்படாது.

ஆயிரம் ஆண்டுக்குப் பின் அதே வினா

முத்துப்பட்டியும் கீழக்குயில்குடியும் ஒரே மலைத்தொடரின் இரு பகுதிகள். காலையில் முத்துப்பட்டியின் கற்படுக்கைகளைக் கண்டு, பிற்பகலில் கீழக்குயில்குடியின் திருமேனிகளைக் காண்போமாயின், ஒரே நாளில் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளைக் கடந்து விடுகிறோம். தாமரைக் குளத்தையும் ஐயனார் கோயிலையும் ஆலமரத்தையும் கடந்து ஏறினால் பேச்சிப்பள்ளம். பார்சுவநாதர், பாகுபலி முதலான எட்டுத் திருமேனிகள் பாறையில் ஒரே வரிசையில் நிற்க, அவற்றின் கீழே வட்டெழுத்து. காலம் 9, 10ஆம் நூற்றாண்டுகள். ஊரார் இவ்விடத்தைப் பேச்சி என்று வழிபட்டதும், செட்டிப்பொடவில் மகாவீரரைச் செட்டியார் என்று அழைத்ததும் பற்றி நம்மவர் சிலர் வருந்துவதுண்டு. நாம் வருந்தவில்லை. பெயர் மாறினும் வழிபாடு இருந்தமையால் திருமேனிகள் உடையாதிருந்தன என்பதே நம் கருத்து. பஞ்சபாண்டவர் படுக்கை என்று சொல்லிச் சொல்லியே பல குன்றுகளில் கற்படுக்கைகள் காக்கப்பட்டிருக்கின்றன.

இங்கும் அதே வினாவைக் கேட்போம். செய்வித்தவர் யாவர்? வணிகர் பெயர்கள் இங்கே முன்னிற்கவில்லை. குறண்டிப் பள்ளியின் அட்டோபவாசி படாரர், அவர் மாணாக்கர் குணசேன தேவர், அவர் மாணாக்கர் கனகவீரப் பெரியடிகள் என ஆசிரிய மாணாக்கர் வழிமுறையே கல்லில் ஏறியிருக்கிறது. நாற்பதாண்டு ஆசிரியப் பணி செய்த நமக்கு, இவ்வரியின் முன் நின்று கண்பனியாதிருக்க இயலவில்லை. கனகவீரர் செட்டிப்பொடவில் செய்வித்த திருமேனி அவர் பெயரால் அன்று. குயிற்குடி ஊரார் பேரால் செய்விக்கப்பட்டது. அதனைக் காக்கும் பொறுப்பு பள்ளிச் சிவிகையார்க்கு, அதாவது பள்ளியின் பல்லக்குச் சுமப்போர்க்கு, விடப்பட்டது. குயிற்குடி இன்றும் கீழக்குயில்குடியாக மலையடியில் இருக்கிறது. அவ்வூர்ப் பள்ளிச் சிறுவர் எவரேனும் உடன் வருவாராயின், உன் ஊர்ப்பெயர் இதோ என்று அவர்க்கு முதலில் காட்டுக.

பேச்சிப்பள்ளத்தில் இன்னொன்றும் உண்டு. மதுரைக் குன்றுகளில் பல இடங்களில் தம் பெயரைப் பொறித்துத் திருமேனிகள் செய்வித்தவர் அச்சணந்தி முனிவர். அழகர்மலையிலும் யானைமலையிலும் கொங்கர் புளியங்குளத்திலும் அவர் பெயரைக் காணலாம். பேச்சிப்பள்ளத்தில் அவருடைய தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி உள்ளது. மகன் துறந்தார், தாய் அம்மலைக்கே வந்து ஒரு திருமேனி செய்வித்தார். கல்வெட்டு இதற்கு மேல் ஒன்றும் கூறவில்லை. நாமும் கூறாது நிற்போம்.

கட்டாயம் எழும் ஒரு கேள்வி

எந்தக் குழுவை அழைத்துச் சென்றாலும், எண்ணாயிரம் சமணர் கழுவேற்றப்பட்டது உண்மையா என்று ஒருவர் கேட்பார். வழிகாட்டுவோர் இதற்கு ஆயத்தமாக இருத்தல் வேண்டும். சினமும் வேண்டா, மழுப்பலும் வேண்டா. நாம் கூறுவது இது: சம்பந்தர் காலம் 7ஆம் நூற்றாண்டு. 8,000 பேர் கழுவேறினர் என்னும் செய்தியை விரித்துரைப்பது 12ஆம் நூற்றாண்டுப் பெரியபுராணம். நிகழ்ச்சி நடந்ததாகக் கூறப்படும் காலத்துக் கல்வெட்டு எதுவும் இதனைக் குறிக்கவில்லை. மறுபுறம், சம்பந்தருக்கு இரண்டு மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின்னரும் இதே மதுரையைச் சூழ்ந்து அச்சணந்தியும் குறண்டிப் பள்ளியாரும் திருமேனிகள் செய்வித்துள்ளனர். ஊரார் அவற்றிற்குத் துணைநின்றனர். சமயப் பூசல் இருந்தமை இலக்கியங்களால் தெரிகிறது. அதனால் மதுரையில் சமணம் அன்றே அழிந்தது என்பதைக் கற்கள் மறுக்கின்றன. இவ்வளவே. கேட்டவரைத் திருமேனியின் முன் நிறுத்தி, கீழுள்ள எழுத்தின் காலத்தைக் கூறினால் மேலும் வாதம் வேண்டியிராது.

நமக்குச் சாதகமானவற்றிலும் இந்நேர்மை வேண்டும். கி.மு. காலக் கல்வெட்டுகளில் தீர்த்தங்கரர் பெயர் எதுவும் இல்லை. பள்ளி, கணி, உபாசகன் போன்ற சொற்களையும், பிற்காலத்தில் அதே குன்றுகளில் அமைந்த திருமேனிகளையும் கொண்டே அறிஞர் பலர் அவை சமண முனிவர்க்குரியவை என்கின்றனர். ஆசீவகர்க்கு உரியவை என்று வாதிடுவோரும் உளர். இதனையும் மாணவர்க்குச் சொல்லுதல் வேண்டும். கல்லில் உள்ளது இது, அறிஞர் கருதுவது இது, மரபு கூறுவது இது என்று மூன்று குரலில் பேசப் பழகாதவர் வழிகாட்டியாக முன்செல்லாதிருத்தல் நன்று.

கல் அழியும்

குன்றுகள் என்றும் இருக்கும் என்று எண்ணிவிட வேண்டா. மதுரை மாவட்டத்தில் கிரானைட் குவாரிகள் எத்தனை மலைகளை விழுங்கின என்பது 2012இல் நடைபெற்ற விசாரணைகளின்போது நாடறிந்த செய்தியாயிற்று. கீழவளவிற்குச் செல்வோர் வெட்டுண்ட பாறைகளைச் சுற்றிலும் காணலாம். யானைமலையைச் சிற்ப நகரமாக்கும் திட்டம் எழுந்தபோது மலையைச் சூழ்ந்த ஊர்மக்களே 2010இல் எதிர்த்து நின்றனர். இரண்டு தமிழ் பிராமிக் கல்வெட்டுகளும் மகாவீரர் திருமேனியும் உடைய அரிட்டாபட்டி, 2022இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அதன்பின்னரும் 2024இல் அப்பகுதியை உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்க ஏலம் நடைபெற்றது. ஊரூராக மக்கள் திரண்டு எதிர்த்தபின், 2025 சனவரியில் மத்திய அரசு அதனை நீக்கியது. அங்கே போராடியவர்கள் உழவர்கள். மலை போனால் ஊற்றும் கண்மாயும் போகும் என்பது அவர்கள் அறிந்தது. அம்மலையில் எழுத்தும் உண்டு என்பதை எடுத்துரைப்பது நம் கடமை.

குவாரி மட்டுமே கேடு செய்வதன்று. ஒரு பள்ளியிலிருந்து வந்த குழுவினர், படம் தெளிவாக விழவேண்டும் என்று எழுத்துக் குழிகளில் சுண்ணக்கட்டி தேய்த்ததை நாம் கண்டதுண்டு. நம்மவர் யாத்திரைக் குழுக்கள் சிலவும் பக்தி மேலீட்டால் பாறைத் திருமேனிகளில் எண்ணெயும் பாலும் சொரிகின்றன. அரிட்டாபட்டியிலும் யானைமலையிலும் திருமேனிகளின் மேல் பழைய சுதையும் வண்ணமும் இன்னும் ஒட்டியுள்ளன. ஆயிரம் ஆண்டு நின்ற வண்ணம் ஒரு குடம் அபிடேகத்தில் போய்விடும். ஆலயத்துத் திருமேனிக்கு உரிய வழிபாடு வேறு. இவற்றின் முன் கைகூப்பி நின்றாலே போதும்.

நடைக்குச் செல்வோர்க்குச் சில குறிப்புகள். மார்கழி, தை, மாசி மாதங்கள் ஏற்றவை. விடியலில் ஏறி, பாறை சுடுமுன் இறங்கிவிடுக. குழுவில் முப்பதுபேர்க்கு மேல் வேண்டா. அதற்கு மேற்பட்டால் பின்னால் நிற்பவர்க்கு எழுத்துத் தெரியாது. மலையடி ஊரில் முதியவர் ஒருவரை உடன் அழைத்துக்கொள்க. பாதையும் அறிவார், மலைத்தேனீக் கூடுகள் உள்ள இடமும் அறிவார். எழுத்துகளைத் தொடாது, காலை வெயில் சாய்ந்து விழும்போது பார்த்துக் குறிப்பேட்டில் வரையச் செய்க; சாய்ந்த வெயிலில் குழிகள் தாமே நிழலிட்டுத் தெளிவாகும். கூட்டற்குறி போன்றது ககரம், நின்ற கோடு ரகரம் என இரண்டு மூன்று எழுத்துகளை முன்னரே கரும்பலகையில் எழுதிக் காட்டியிருப்பின், சிறுவர்கள் அவற்றைப் பாறையில் தாமே தேடிப் பிடிப்பர்.

ஏற இயலாத முதியோரைக் கீழே வாகனத்தில் விட்டுச் செல்லும் வழக்கம் நமக்கு உடன்பாடன்று. கல்வெட்டுகளின் படிகளைப் பெரிதாக எடுத்து அட்டையில் ஒட்டிக் கொண்டுசெல்லுக. கீழக்குயில்குடியில் ஆலமரத்தடி நிழல் பெரிது. இளையோர் மேலே பேச்சிப்பள்ளத்தில் நிற்கும் அதே நேரத்தில், முதியோர் கீழே அமர்ந்து அதே வரிகளை எழுத்துக்கூட்டிப் படிக்கலாம். இறங்கி வரும் பேரப்பிள்ளைகள் தாம் வரைந்து வந்ததை அட்டையோடு வைத்து ஒப்பிடுவர். சென்ற முறை குணமதியார் பெயரில் ஒரு எழுத்தைப் பற்றி ஒரு பாட்டியாருக்கும் அவர் பேரனுக்கும் கருத்து வேறுபாடு எழுந்தது. இருவரும் சேர்ந்து மறுபடியும் பார்த்து வருவோம் என்று அப்பாட்டியார் கைத்தடியை ஊன்றி எழுந்தார்.